பாறைக்குள் புகுந்த நீர்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வர், ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. நிலநடுக்கத்திற்குப் பேர்போன ஊர் அன்று அது. 1882-ஆம் ஆண்டில் நிலம் பலமாகக் குலுங்கியதாகப் பதிவு உண்டு. அதற்குப்பின் எண்பது ஆண்டுகள் அம்மக்கள் நிலநடுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. 1962 ஏப்ரலில் நிலைமை மாறிற்று. சிறு சிறு அதிர்வுகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் சிலவற்றை மக்கள் உணர்ந்தனர். பெரும்பாலானவை கருவிகளுக்கு மட்டுமே தெரிந்தன. 1965 நவம்பருக்குள் பதிவானவை 710.

நகருக்கு வடகிழக்கே, சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், ராக்கி மலை ஆயுதச்சாலை என்ற இராணுவத் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுவப்பட்ட இச்சாலையில் நச்சு வாயு ஆயுதங்கள் செய்யப்பட்டன. ஆயுதம் செய்தால் கழிவும் உண்டாகும் அல்லவா? அந்த நச்சுக் கழிவுநீரைத் திறந்த குட்டைகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டார்கள். குட்டையிலிருந்து கசிந்த நச்சு நிலத்தடி நீரில் கலந்து, சுற்றியிருந்த வயல்களின் பயிர்களைக் கெடுத்தது. ஆகவே 1961-இல் 12,045 அடி ஆழத்திற்கு, அதாவது 3,671 மீட்டருக்கு, ஒரு கிணறு தோண்டினார்கள். படிவுப் பாறைகளையெல்லாம் தாண்டி, மிகப் பழைய அடிப்பாறையில் போய் அது முடிந்தது. கழிவை அவ்வளவு ஆழத்தில் புதைத்துவிட்டால் எவருக்கும் தொல்லை இராது என்பது எண்ணம். 1962 மார்ச் 8-ஆம் நாள் கழிவுநீரை உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் நிலம் நடுங்கத் தொடங்கியது.

இரண்டையும் இணைத்துப் பார்க்க மூன்றாண்டுகள் ஆயின. கொலராடோ சுரங்கக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் பட்ட ஆய்வுக்காக அதிர்வுகளின் மையங்களைக் கணக்கிட்டபோது, அவற்றுள் பல அந்தக் கிணற்றின் அருகிலேயே விழுந்தன. பின்னர் டேவிட் எவன்ஸ் என்ற புவியியல் ஆலோசகர் மிக எளிய ஒரு காரியம் செய்தார். மாதந்தோறும் செலுத்தப்பட்ட கழிவுநீரின் அளவை ஒரு வரைபடமாகவும், மாதந்தோறும் ஏற்பட்ட நிலநடுக்கங்களின் எண்ணிக்கையை இன்னொரு வரைபடமாகவும் வரைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். நீர் மிகுந்தபோது நடுக்கமும் மிகுந்தது. 1963 செப்டம்பர் இறுதியில் செலுத்துவதை நிறுத்தியிருந்தார்கள். அப்போது நடுக்கம் குறைந்தது. மீண்டும் செலுத்தியதும் மீண்டும் கூடியது. 1965 நவம்பரில் எவன்ஸ் இதை வெளியிட்டார். ஊரில் பெரும் பரபரப்பு உண்டானதில் வியப்பில்லை. 1966 பிப்ரவரி 20-ஆம் நாள் கழிவுநீர் செலுத்துவது அடியோடு நிறுத்தப்பட்டது. அதற்குள் சுமார் 62 கோடி லிட்டர் உள்ளே போய்விட்டிருந்தது.

இத்தனை நீர் போனாலும், மூன்றரைக் கிலோமீட்டர் தடிமனுள்ள பாறையின் எடைக்கு முன் அது எம்மாத்திரம்? அவ்வளவு பெரிய பாறையை நீர் எப்படி அசைக்கும்? நீங்கள் இப்படிக் கேட்பது நியாயமே. இதற்கு விடை, டென்வர் அதிர்வுகளுக்கு முன்பே அறிவியலார் கையில் இருந்தது.

டம்ளர் நகர்வது ஏன்?

வெந்நீரில் அலசிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான சமையல் மேடைமேல் கவிழ்த்து வையுங்கள். மேடை சற்றே சரிவாக இருந்தால், சில வேளைகளில் அது யாரும் தொடாமலேயே மெல்ல நகரும். டம்ளருக்குள் அகப்பட்ட காற்று சூடேறி விரிய முயல்கிறது. விளிம்பில் உள்ள ஈரம் அதை வெளியேற விடுவதில்லை. எனவே உள்ளே அழுத்தம் கூடுகிறது. டம்ளரின் எடையில் ஒரு பகுதியை அக்காற்று தாங்கிக் கொள்கிறது. மேடையை அழுத்தும் விசை குறைகிறது, உராய்வும் குறைகிறது, டம்ளர் சறுக்குகிறது. டம்ளரின் எடை சிறிதும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதே சோதனையை 1959-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கியவர்கள், எண்ணெய் நிறுவன ஆய்வாளரான கிங் ஹப்பர்ட்டும், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் ரூபியும். அவர்கள் டம்ளருக்குப் பதில் குளிரவைத்த காலி பீர் டப்பாவைக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்தார்கள்; ஊருக்கு ஊர் கிடைக்கிற பொருள் வேறுதானே! அவர்களைத் தூண்டியது மலைகளைப் பற்றிய ஒரு பழைய புதிர். பல மலைத்தொடர்களில், பல கிலோமீட்டர் தடிமனுள்ள பாறை அடுக்குகள் வேறு அடுக்குகளின் மீது பல பத்துக் கிலோமீட்டர் தொலைவு ஏறிச் சென்றிருக்கின்றன. கணக்குப் போட்டால், அத்தகைய அடுக்கைப் பின்னாலிருந்து தள்ளினால் அது நகருமுன் நொறுங்கிவிட வேண்டும். பாறையின் நுண்துளைகளில் உள்ள நீர் அழுத்தத்தால் அந்தச் சுமையைத் தாங்கிக் கொண்டது என்றால் புதிர் அவிழ்கிறது என்றார்கள் ஹப்பர்ட்டும் ரூபியும்.

அவர்களும் இக்கருத்தை வெறுமையிலிருந்து பெறவில்லை. 1920-களில், துருக்கியின் இஸ்தான்புல் நகரில் பொறியியல் கற்பித்து வந்த கார்ல் டெர்சாகி, களிமண் மீது செய்த சோதனைகளில் இதற்கான அடிப்படை விதியைக் கண்டிருந்தார். மண்ணின்மேல் விழும் மொத்தச் சுமையிலிருந்து துளைநீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ, அதுவே மண்துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது. இதைப் ‘பயனுறு தகைவு’ என்போம். கட்டடங்களின் அடித்தளம் பற்றிய கவலையில் பிறந்த இந்த விதிதான், பாறைகளின் மேல் விசைகள் செயற்படும் விதத்தை ஆராயும் ‘பாறை விசையியல்’ என்ற துறைக்கும் அடிக்கல் ஆயிற்று.

ஒரு கணக்குப் பார்ப்போம். அழுத்தத்தை இங்கே பார் என்ற அலகில் சொல்லுவோம். ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மேலுள்ள பாறையின் சுமை சுமார் 750 பார். அங்கே துளைகளில் நிறைந்துள்ள நீரின் அழுத்தம் இயல்பாகச் சுமார் 300 பார். மீதி 450. எளிமைக்காகப் படுக்கைவசத்தில் ஒரு பழைய பிளவு இருக்கிறது என்று கொள்வோம். அதன் இரு பக்கங்களையும் இறுக்கிப் பிடிப்பது இந்த 450 பார்தான். இப்போது ஒரு கிணற்றின் வழியே நீரைச் செலுத்தி, துளைநீர் அழுத்தத்தை 100 பார் கூட்டுகிறோம். பிடிப்பு 350-ஆகக் குறைகிறது. உராய்வில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. நிலத்தின் உள்விசைகள் அந்தப் பிளவை ஏற்கெனவே சறுக்கலின் விளிம்புவரை தள்ளி வைத்திருந்தால், இவ்வளவு போதும். நீர் பாறையைத் தள்ளவில்லை; பிடியைத் தளர்த்தியது. சறுக்கும்போது வெளிப்படும் ஆற்றல் பாறைக்குள் நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த ஆற்றலே.

டென்வரின் கதை நீர் செலுத்துவதை நிறுத்தியதோடு முடியவில்லை என்பதுதான் அதன் முக்கியமான பகுதி. 1967 ஏப்ரல், ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில் மூன்று பெரிய அதிர்வுகள் வந்தன. இவற்றுள் ஆகஸ்டு 9-ஆம் நாள் வந்தது, அப்போதைய மதிப்பீட்டில் அளவு 5-க்கு மேற்பட்டது; பத்து லட்சம் டாலருக்கு மேல் சேதம் விளைத்தது. கிணற்றை மூடி ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு! காரணம் இதுதான். பாறையின் பிளவுகளில் அழுத்தம் மிக மெதுவாகவே பரவுகிறது. கிணற்றடியில் அழுத்தம் குறைந்து கொண்டிருக்கும்போதே, சில கிலோமீட்டர் தள்ளி அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். பரவும் வட்டம் பெரிதாக ஆக, பெரிய பிளவு ஒன்றைத் தொடும் வாய்ப்பும் கூடுகிறது. 1968-இல் ரூபியும் வேறு மூவரும் இதை விரிவாக எழுதினார்கள். நடுக்கங்கள் படிப்படியாக அடங்கின. 1985-இல் அக்கிணறு நிரந்தரமாக அடைக்கப்பட்டது.

(அதே 1967 டிசம்பரில் நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் 6.3 அளவுள்ள நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டதை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அங்கே எவரும் குழாய் வழியே நீர் செலுத்தவில்லை. அணையில் தேங்கிய நீரே காரணம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிபு. அது தனிக் கட்டுரைக்குரியது.)

முன்கூட்டிச் சொன்ன ஓர் எண்

டென்வரில் நடந்தது தற்செயல். நடந்த பின்னர் காரணம் சொல்வது எளிது. முன்கூட்டிச் சொல்லிக் காட்டுவதே அறிவியலுக்கு உரைகல். அதற்கேற்ற இடம் அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கிடைத்தது. ரேஞ்ச்லி என்னும் எண்ணெய் வயலில் 1957 முதல் எண்ணெயை உந்தித் தள்ளுவதற்காகக் கிணறுகளில் நீரைச் செலுத்தி வந்தார்கள். அங்கேயும் சிறு நடுக்கங்கள் இருந்தன. 1969-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர், வயலை நடத்திய நிறுவனத்தின் இசைவுடன் சில கிணறுகளைச் சோதனைக்கு எடுத்துக் கொண்டார்கள்.

எந்த அழுத்தத்தில் பிளவு சறுக்கும் என்று கணக்கிட இரண்டு செய்திகள் வேண்டும். ஒன்று, அப்பாறையின் உராய்வு. தோண்டி எடுத்த மணற்கல் துண்டை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் அது தெரிந்துவிடும். மற்றொன்று, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் பாறையை எந்தத் திசையில் எவ்வளவு விசை நெருக்குகிறது என்பது. அவ்வளவு ஆழத்தில் போய் யார் அளப்பது?

இங்கேதான் எண்ணெய்த் தொழில் கைகொடுத்தது. 1947-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஓர் எரிவாயுக் கிணற்றில், மிகுந்த அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பாறையைப் பிளந்து, வாயு வர வழி உண்டாக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். முறை விரைவில் பரவிற்று. ஆனால் பிளவு எந்த வாக்கில் உண்டாகிறது என்பதில் பெரும் குழப்பம். மேலுள்ள பாறையைத் தூக்கிக்கொண்டு படுக்கைவசமாகத்தான் பிளக்கும் என்று பலரும் நம்பினார்கள். 1957-இல் அதே ஹப்பர்ட், டேவிட் வில்லிஸ் என்பவருடன் சேர்ந்து, வளையக்கூடிய பிளாஸ்டிக் புட்டியில் ஜெலட்டினை உறையவைத்து, புட்டியை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு, நடுவே பாரிஸ் சாந்துக் குழம்பைச் செலுத்திப் பார்த்தார். சாந்து இறுகிய பின் ஜெலட்டினை வெட்டியெடுத்தால், பிளவின் உருவம் கையிலேயே கிடைத்தது. எந்தத் திசையில் நெருக்கம் மிகக் குறைவோ, அந்தத் திசைக்குச் செங்குத்தாகவே பிளவு உண்டாயிற்று. ஆழமான கிணறுகளில் பெரும்பாலும் மிகக் குறைந்த நெருக்கம் பக்கவாட்டில்தான் இருக்கும். ஆகவே பிளவு நெட்டுவாக்கில் அமையும். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் ஒரு தொழிலின் தவறான நம்பிக்கையை ஒரு புட்டி ஜெலட்டின் திருத்திவிட்டது.

இதையே திருப்பிப் போட்டால் அளவுகோல் கிடைக்கிறது. கிணற்றில் சிறு பிளவு ஒன்றை உண்டாக்கிப் பம்பை நிறுத்தினால், எந்த அழுத்தத்தில் பிளவு மூடிக்கொள்கிறதோ, அதுவே அவ்விடத்தின் மிகக் குறைந்த தகைவு. ரேஞ்ச்லியில் இம்முறையால் தகைவை அளந்து, உராய்வோடு சேர்த்துக் கணக்கிட்டபோது, துளைநீர் அழுத்தம் சுமார் 257 பாரைத் தாண்டினால் பிளவு சறுக்கும் என்று விடை வந்தது. அப்போது அங்கே இருந்த அழுத்தமோ ஏறத்தாழ 275 பார். 1970 நவம்பரில் நீரைச் செலுத்துவதை நிறுத்தி, உள்ளிருந்த நீரை வெளியே விட்டார்கள். அழுத்தம் இறங்கிற்று, கிணறுகளை ஒட்டிய நடுக்கங்கள் ஏறக்குறைய நின்றே போயின. 1972-இல் மீண்டும் நீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றினார்கள். அந்த வரம்பைத் தாண்டியதும் நடுக்கங்கள் திரும்பின. 1973-இல் நிறுத்தினார்கள், அவையும் அடங்கின. விளக்கைப் போட்டு அணைப்பது போல மனிதர் நிலநடுக்கத்தைத் தொடக்கி நிறுத்தியது வரலாற்றில் அதுவே முதல் தடவை.

இந்த வெற்றி சிலருக்குப் பெரிய ஆசையை ஊட்டியது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நெடுகக் கிணறு தோண்டி நீர் செலுத்தினால், ஒரு பெரும் நடுக்கத்தைச் சில்லறை நடுக்கங்களாக மாற்றிவிடலாம் அல்லவா என்று பேசினார்கள். கணக்கு இடம் தரவில்லை. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. 8 அளவுள்ள ஒரு நடுக்கத்தின் ஆற்றலைத் தீர்க்க, 4 அளவுள்ளவை பத்து லட்சம் வேண்டும்! போதாததற்கு, சிறியதாக நினைத்துத் தொடங்கியது பெரியதாக முடிந்தால் யார் பொறுப்பேற்பது? அந்தத் திட்டம் பேச்சோடு நின்றது.

எடுத்தாலும் தொல்லை

நீரைச் செலுத்துவதால் மட்டுமே தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெயையும் வாயுவையும் வெளியே எடுத்தால் துளை அழுத்தம் குறைந்து, துகள்கள் மேலும் நெருங்கி, நிலம் அமுங்குகிறது. கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தை ஒட்டிய வில்மிங்டன் வயலில் நிலம் நடுப்பகுதியில் 9 மீட்டர்வரை தாழ்ந்தது. 1958 முதல் பெருமளவில் நீரைச் செலுத்தித்தான் அதைத் தடுத்தார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் வாயு வயலிலோ, நிலம் ஒரே சீராக அமுங்காமல் பழைய பிளவுகள் நெடுகச் சறுக்கியதால் நடுக்கங்கள் வந்தன. 2012-இல் ஹூயிசிங்கெ ஊரருகே வந்தது 3.6 அளவுள்ளதே, ஆனால் ஆழம் வெறும் மூன்று கிலோமீட்டர், மேலே செங்கல் வீடுகள். ஐரோப்பாவின் மிகப் பெரிய அந்த வாயு வயலில் 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டென்வர் கதை பெரிய அளவில் திரும்பி நடந்தது. எண்ணெயோடு வரும் உப்புநீரை ஆழத்தில் செலுத்தியதால், ஆண்டுக்கு ஒன்றிரண்டாக இருந்த 3-க்கு மேற்பட்ட நடுக்கங்கள் 2015-இல் ஏறத்தாழ 900 ஆயின. செலுத்தும் அளவைக் குறைக்க அரசு ஆணையிட்ட பின் எண்ணிக்கை இறங்கிற்று. பாடம் ஏற்கெனவே அச்சில் இருந்தது என்பதை நினைத்தால் சற்றுச் சலிப்பாகத்தான் இருக்கிறது.

பூமியின் வெப்பத்தைத் தேடி

1970-களில் நியூ மெக்சிகோவின் பென்டன் ஹில் என்னும் இடத்தில், லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தினர் ஒரு புதிய முயற்சியில் இறங்கினார்கள். ஆழத்தில் உள்ள கருங்கல் சூடானது; ஆனால் வறண்டது. அதில் ஒரு கிணறு தோண்டி, நீரழுத்தத்தால் பிளவுகளை உண்டாக்கி, ஒரு பக்கம் தண்ணீரை அனுப்பி மறு பக்கம் வெந்நீராக எடுத்தால் மின்சாரம் செய்யலாம். புகை இல்லை, எரிபொருள் வேண்டாம். நல்ல எண்ணந்தான். ஆனால் பாறையை வேண்டுமென்றே சறுக்கவிடுவதே இங்கே முறை என்பதால், எவ்வளவு சறுக்கும் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பாசல், 1356-இல் நிலநடுக்கத்தால் அழிந்த நகரம். அந்நகரின் நடுவிலேயே 5 கிலோமீட்டர் ஆழக் கிணறு தோண்டி, 2006 டிசம்பர் 2 முதல் ஆறு நாட்களில் சுமார் 11,500 கன மீட்டர் நீரைச் செலுத்தினார்கள். நடுக்கங்கள் கூடவே பம்பை நிறுத்தினார்கள். நிறுத்திய சில மணி நேரத்திற்குப் பின் 3.4 அளவுள்ள அதிர்வு வந்தது. சுவர்களில் விரிசல், இழப்பீடாகப் பல லட்சம் பிராங்குகள். 2009-இல் திட்டம் கைவிடப்பட்டது.

தென் கொரியாவின் போஹாங் துறைமுக நகரில் நடந்தது இதைவிடப் பெரிது. அங்கே நான்கு கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான இரு கிணறுகள் தோண்டி, 2016 ஜனவரி முதல் 2017 செப்டம்பர்வரை ஐந்து முறை நீர் செலுத்தினார்கள். 2017 ஏப்ரலில் 3-க்குச் சற்று மேற்பட்ட ஓர் அதிர்வு வந்தது. அதற்குப் பின்னும் பணி தொடர்ந்தது. நவம்பர் 15-ஆம் நாள், கடைசி முறை நீர் செலுத்தி ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின், 5.5 அளவுள்ள நிலநடுக்கம் நகரைக் குலுக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினர். மாணவர்களுக்கு ஒரு செய்தி: மறுநாள் நடக்கவிருந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நாடு முழுவதும் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அத்தேர்வின் வரலாற்றில் இயற்கைச் சீற்றத்துக்காக அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஆனால் அது இயற்கைதானா?

அரசு அமைத்த குழு 2019 மார்ச்சில் விடை சொன்னது. முன்பு அறியப்படாத ஒரு பிளவு அங்கே இருந்தது. கிணறுகளுள் ஒன்று அதன் ஊடாகவே சென்றது. தோண்டும்போது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் சேற்றுக் குழம்பு பெருமளவில் பாறைக்குள் ஓடி மறைந்திருந்தது. பின்னர் வந்த சிறு அதிர்வுகளின் மையங்களைத் துல்லியமாகக் குறித்தால், அவையெல்லாம் ஒரே தளத்தில் வரிசையாக நின்றன. அது பிளவுத்தளம். செய்திகள் யாவும் கையில் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்து அபாயத்தை மறுபடி கணக்கிட எவரும் முற்படவில்லை.

அறிஞர்களை வேறொன்றும் திடுக்கிடச் செய்தது. செலுத்தும் நீரின் அளவுதான் வரக்கூடிய நடுக்கத்தின் மேல்வரம்பை முடிவு செய்யும் என்று அதுவரை பலர் நம்பினார்கள். 2014-இல் ஆர்தர் மக்கார் அதற்கு ஒரு வாய்பாடும் தந்திருந்தார். போஹாங்கில் செலுத்தியது சுமார் 12,800 கன மீட்டர். டென்வரில் சென்றதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். அந்த வாய்பாட்டின் வரம்பை அது வெகுவாக மீறிவிட்டது. பிளவு ஏற்கெனவே விளிம்பில் நின்றிருந்தால், எவ்வளவு நீர் என்பதைவிட அது எந்த இடத்தைத் தொடுகிறது என்பதே பெரிது.

2018-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி நகரை ஒட்டி, 6.1 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் 49 நாட்கள் நீர் செலுத்தினார்கள். 2.1 அளவுக்கு மேல் ஓர் அதிர்வு வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. கிணற்றைச் சுற்றி நிறுவிய நிலநடுக்கப் பதிகருவிகள் ஒவ்வொரு சிறு சறுக்கலின் இடத்தையும் அளவையும் உடனுக்குடன் தெரிவித்தன. அதைப் பார்த்துப் பார்த்துப் பம்பின் வேகத்தைக் குறைத்தும், இடையிடையே பாறைக்கு ஓய்வு கொடுத்தும் வேலை செய்தார்கள். செலுத்திய நீர் 18,160 கன மீட்டர், போஹாங்கில் செலுத்தியதைவிட அதிகம். வந்தவற்றுள் மிகப் பெரிய அதிர்வு 1.9.